பிடிக்கேல்லை

எங்கள் பகுதியில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. படகில், கிணற்றடியில், சங்கக்கடை வரிசையில், அவர் கொஞ்சம் தள்ளிப்போன பிறகு சொல்வார்கள்: "பிடிக்கேல்லையக்கா போறா." அவருக்கு அது தெரியும். ஒருநாள் என்னிடமே கேட்டார்.

"உவை எனக்கு வைச்ச பேர் என்னெண்டு தெரியுமோ உமக்கு?"

"இல்லை அக்கா."

"தெரியும். நீர் பொய் சொன்னா மூக்கு நுனி சிவக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பேரும் எனக்குப் பிடிக்கேல்லை."

நெடுந்தீவில் அவர் வளவும் எங்கள் வளவும் பக்கம் பக்கம். நான் கலியாணம் கட்டி அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையே அவர் வந்து முற்றத்தில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கிணறு பிடிக்கவில்லை. குசினியின் புகைக்கூடு பிடிக்கவில்லை. என் மனிசனின் புது மோட்டார்சைக்கிள் அறவே பிடிக்கவில்லை. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளும்படி மாமி சொன்னார்.

அந்தச் சொல் அவர் வாயில் ஒரு கதவு. சத்தமில்லாமல் சாத்தும், ஆனால் சாத்திவிடும். புதுச் சேலையைக் காட்டினால் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசுவார், பிடிக்கேல்லை. கூழில் நண்டு குறைந்தால் பிடிக்கேல்லை, கூடினால், "கூழ் எங்கை?" கோயிலில் புது ஐயரின் மந்திரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம், ஓரிடத்திலும் தரிக்கவில்லையாம், பிடிக்கேல்லை. சங்கக்கடைக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் பருப்பு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவாராம். மூக்கில் வைப்பார், விரலால் நெருடுவார், "பிடிக்கேல்லை, திருப்பி ஏத்துங்கோ." கடல் கடந்து சுமந்து வந்தவர்கள் வாய்க்குள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எழுத முடியாது.

மாப்பிள்ளை கதை எல்லோருக்கும் தெரியும். தெற்கே கடை வைத்திருந்த குடும்பம், நல்ல பெடியன். கோயில் வீதியில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். வழக்கப்படி அவர்கள் போய், இரண்டு நாள் கழித்து, ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இவர் அந்த இடத்திலேயே, மாப்பிள்ளையின் தாய் காதுபட, "எனக்குப் பிடிக்கேல்லை" என்றாராம். தகப்பன் அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் பல காலம் போகவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வந்ததிலையிருந்து அந்தாள் மதிலிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டது. தேர்முட்டிக்குப் போச்சுது, அங்கையும் சாய்ஞ்சுது. ஒரு பிடிப்பில்லாத ஆள். நான் எங்கை சாயிறது?"

அதன் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் பிடித்திருக்காது என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

எங்கள் வளவுகளுக்கு நடுவே கல்வேலி. முருகைக்கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வேலி. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கடலுக்குள் பூச்சிகள் கட்டிய கல், மேனி முழுக்கத் துளையும் முள்ளும். ஒரு கல்லின் முள் இன்னொன்றின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று நடுவால் போகும், வேலி நிற்கும். எப்போதாவது ஊரில் திரியும் குதிரைகளில் ஒன்று உடம்பை உரசிவிட்டுப் போனால் ஒரு பாகம் சரியும். சரிந்ததை இரண்டு வளவும் சேர்ந்து அடுக்க வேண்டும்.

ஒருமுறை நான் கரையிலிருந்து கற்கள் பொறுக்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று, உருண்டு, கைக்கு இதமானவை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்து வெளியே ஒழுங்கைக்குள் எறிந்தார்.

"இது பிடிக்காது. இதுவும் பிடிக்காது. கடல் நக்கின கல்லுப் பிள்ளை. வடிவைப் பாத்துக் கல்லெடுக்கிறீர். பல்லில்லாத கல்லு ஒண்டையொண்டு கடியாது."

அவருடைய ஒரு சொல்லுக்குள் இரண்டு சொற்கள் இருந்தன. மனசுக்குப் பிடிப்பது ஒன்று, இடத்தில் பிடிப்பது ஒன்று. எந்த நேரம் எதைச் சொல்கிறார் என்று யாரும் நின்று கேட்டதில்லை. கதவு சாத்தும் சத்தம்தான் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு ஒரு மாலை ஆட்டுக் கயிறு தடக்கி முற்றத்தில் விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. பலகையில் கிடத்திப் படகேற்றிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வான் வண்டியில் யாழ்ப்பாணம். ஒரு தனியார் ஆசுபத்திரியில் முறிந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டுத் தொடை எலும்பின் குழலுக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதன் மேல் ஒரு பந்தை வைத்தார்கள். கனடாவிலிருந்து அவர் தம்பி தொலைபேசியை வைக்காமல் நின்றார்.

"அக்கா, சீமெந்து வைச்சு ஒட்டுற சாமானும் இருக்காம். அது வேண்டாமெண்டிட்டன். இது எலும்பு தானா வளந்து பிடிக்கிற சாமான். திறமானது."

"உனக்கோ எனக்கோ போடுறது?"

"உனக்குத்தான்."

"அப்ப என்னட்டை ஏன் முதல் கேக்கேல்லை?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

வோக்கரைப் பிடித்தபடி வீடு வந்தார். பிறகு ஊன்றுபொல்லு. பிறகு அதையும் விட்டார். ஊர் அதிசயமாகப் பார்த்தது. அந்த வயதில், அவ்வளவு விரைவாக. அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கால் பிடிக்கேல்லை."

படகோட்டுகிற அண்ணை ஒருவர், வாய் சும்மா இருக்காத மனிதர், கயிற்றைச் சுருட்டியபடி சொன்னார். "உப்புக் காத்தெல்லே அக்கா. உள்ளுக்கை துருப் பிடிச்சிருக்கும். சந்தோசப்படுங்கோ, துருவெண்டாலும் பிடிக்குதே." படகு முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார் என்று நினைக்கிறேன். முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

ஆசுபத்திரியிலும் அதே கதைதான். அன்றைக்கு நான்தான் கூடப் போயிருந்தேன்.

"என்னம்மா, புதுக் கால் எப்பிடி?" என்றார் டொக்டர்.

"பிடிக்கேல்லை."

தாதிப் பிள்ளை வாயைப் பொத்தினாள். டொக்டரும் சிரித்தார், நல்ல மனிதர்தான். "புதுச் செருப்பும் முதலிலை பிடிக்காது தானே அம்மா. போகப் போகப் பிடிச்சிடும்." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாருங்கோ, படத்திலை எல்லாம் வடிவா இருக்கு."

"படம் வடிவா இருக்கும். நடக்கிறது நானல்லோ."

மறுபடியும் சிரிப்பு. நோவுக்குக் குளிசை எழுதித் தந்தார்கள்.

நான் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கதிரையிலிருந்து எழும்பும்முன் அவர் இரண்டு கையையும் கதிரையின் கைப்பிடியில் ஊன்றிக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரோ உள்ளே வந்து உட்காரட்டும் என்று இடம் விடுவது போல. பிறகு எழும்புவார். முதல் சில அடிகளில் உதடு ஒரு பக்கம் இழுபடும். நடக்க நடக்க இளகிவிடும். பார்ப்பவர்களுக்கு அந்த இளகின நடைதான் தெரியும். இருந்தெழும்பினால் திரும்பவும் உதடு.

தம்பியோடு ஒருநாள் தொலைபேசியில் சண்டை. ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"அக்கா, பிறந்ததிலையிருந்து உனக்கு எதுதான் பிடிச்சது சொல்லு பாப்பம்? இஞ்சை இதே சாமானோடை சனம் பனியிலை சறுக்கி விளையாடுது."

அவர் போனை என் கையில் தந்தார். "நீர் சொல்லும் இவனுக்கு." நான் என்ன சொல்வது? என்னிடமும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொன்னால் தம்பி சிரிப்பார்.

வேறொரு இடத்தில் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். மெலிந்த பெண், தூக்கம் போதாத கண். கேள்வி அதேதான். பதிலும் அதேதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பேனையை வைத்தார்.

"உங்களுக்குப் பிடிக்கேல்லையோ அம்மா, எலும்புக்குப் பிடிக்கேல்லையோ?"

அக்கா நிமிர்ந்தார். அவரைச் சந்தித்த காலத்திலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வெளியே யாரோ சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.

"எனக்குப் பிடிக்கிறதை ஆர் கேட்டது? அது உள்ளுக்கை பிடிக்கேல்லை. நான் காலை வைக்க, ஒருக்கால் அசைஞ்சுபோட்டுத்தான் நிக்குது."

"எழும்பேக்கை நோகுதோ, நடக்க நடக்க நோகுதோ?"

"எழும்பேக்கை. பிறகு அடங்கும்."

"எந்த இடம்?"

தொடையின் நடுவைத் தொட்டுக் காட்டினார். டொக்டர் அங்கே ஒரு கையை வைத்து, மறு கையால் பாதத்தை மெல்ல உள்ளே திருப்பினார். கட்டிலில் விரித்திருந்த தாள் அக்காவின் கைக்குள் கிழிந்தது.

டொக்டரின் மேசையில் மாதிரிக்கு ஒரு தண்டு இருந்தது. அதை அக்காவிடம் கொடுத்தார். மேல் பாதி சாம்பல் நிறம், தொட்டால் அரம் போல. கீழ்ப் பாதி முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம்.

"மேலை தடவிப் பாருங்கோ. வழுக்கலா விட்டா எலும்பு வந்து தொட்டுப்போட்டுப் போயிடும் அம்மா, தங்காது. அதாலை உலோகத்தைப் பொடிப்பொடியா விசிறி, சொரசொரப்பாக்கி, பள்ளம் பள்ளமா விட்டிருக்கு. அதுக்கு மேலை எலும்பிலை இருக்கிற அதே உப்பைப் பூசியிருக்கு. எலும்பு தன்ரை ஆளெண்டு நினைச்சு வந்து குந்தும். பள்ளத்துக்குள்ளை வளந்து கெட்டியாகும். பிறகு பிரிக்கிறது லேசில்லை."

அக்கா பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மேலிருந்து கீழே வந்து மினுக்கத்தில் நிறுத்தினார்.

"இது ஏன் இப்பிடி? பாதியிலை விட்டிட்டாங்களோ?"

"இல்லை, வேணுமெண்டுதான். கீழையும் பிடிச்சா பாரமெல்லாம் நேரா அங்கை இறங்கிடும். மேல் எலும்புக்கு வேலை இல்லாமல் அது மெலிஞ்சு போகும். பிடிக்கக் கூடாத இடமும் இருக்கம்மா."

"அப்ப எனக்கு ஏன் மேலையும் பிடிக்கேல்லை?"

"முதல் கிழமையளிலை அது ஆடாமல் இருக்கோணும். கூட ஆடினா எலும்பு வர வேண்டிய இடத்திலை ஒரு சவ்வு வந்திடும், துணி சுத்தின மாதிரி. சவ்வு வந்தா எலும்பு அதைத் தாண்டாது."

"ஏன் ஆடினது?"

"தண்டின்ரை அளவு கொஞ்சம் சின்னனா இருந்திருக்கலாம். எலும்பு மெலிவா இருந்திருக்கலாம். நீங்கள் கெதியா நடந்திருக்கலாம், படகு குலுக்கியிருக்கலாம்." டொக்டர் கையை விரித்தார். "உண்மையைச் சொன்னா, எனக்குத் தெரியாது அம்மா."

பழசை எடுத்துவிட்டு வேறொரு தண்டு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சொன்னார், "உந்தப் பிள்ளையே வெட்டட்டும்."

இரண்டாவது முறை வெட்டினார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். டொக்டர் வந்து, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சொன்னார். "பழசைத் தட்டி எடுக்கச் சுத்தியல், உளி எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தனாங்கள். ஒண்டும் தேவைப்படேல்லை. கையாலை இழுக்க வந்திட்டுது." பானைக்குள்ளிருந்து அகப்பையை எடுப்பது போலக் கையை உயர்த்திக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை காலமும் அந்த மனுசி தனக்குள் ஒரு விருந்தாளியின் மேல் ஏறி நடந்திருக்கிறார். நாங்கள் நடையின் வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எடுத்ததைக் காட்டும்படி அக்கா கேட்டார். கழுவிப் பையில் போட்டுக் கொண்டு வந்தார்கள். படுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் பாதி அப்படியே இருந்தது, போட்டதுபோல. ஒரு பொட்டு எலும்பு இல்லை.

"சாமான் நல்ல சாமான்தான்," என்றார் கடைசியில். "பல்லிருக்கு." பையை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். "அப்ப என்னிலைதான் ஏதோ."

"டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா."

"டொக்டர் சொல்லாது. ஊர் சொல்லும்."

ஊர் சொல்லத்தான் செய்தது. புதுத் தண்டு இன்னும் நீளமானது, சொரசொரப்பும் கூடுதலான தூரத்துக்கு. எலும்பு பிடிக்கும்வரை பாரம் வைக்கக்கூடாது, படகேறக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் தீவிலிருந்து ஒரு பெண் அப்பிளும் பிஸ்கட்டும் கொண்டு பார்க்க வந்தார். பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்து, நான் தேத்தண்ணி போட, பக்கத்தில் நின்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஒரு நல்ல பகிடி கிடைத்தால் யாரால் அடக்க முடியும்?

"ஆரையும் பிடியாத மனிசியை இரும்பு எப்பிடிப் பிடிக்கும் சொல்லுங்கோ."

குசினிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான்.

தேத்தண்ணியோடு நான் போனபோது அக்கா மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை வாங்கினார், குடித்தார். முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் நான் சீனி போடவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது.

"அக்கா, தேத்தண்ணி..."

"நல்லாயிருக்கு," என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் முதல்முதலாகக் கேட்கிறேன். பயமாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே நல்லாயிருந்தன. சோறு நல்லாயிருந்தது. தங்கையின் பிள்ளைகள் போட்ட சத்தம் நல்லாயிருந்தது. தம்பியிடம், "நல்லாயிருக்கடா, நீ வேலையைப் பார்," என்றார். தம்பி என்னிடம் தனியாக, "என்ன, அக்கா நல்லா மாறிட்டா?" என்று சந்தோசப்பட்டார்.

டொக்டரிடமும் அதே பதில்.

"எழும்பேக்கை?"

"நல்லாயிருக்கு."

டொக்டர் பாதத்தைத் திருப்பினார். அக்காவின் முகம் கல்லாக இருந்தது. எந்தக் கல் என்று தெரியவில்லை. டொக்டர் அறைக்கு வெளியே என்னை நிறுத்தினார். "அவ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். படம் பிந்தித்தான் சொல்லும். பிடிக்காட்டி இனி வைக்கிறதுக்கு எலும்பும் கனக்க இல்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். அன்று பின்னேரமே, வாசல் கதிரையில் இருந்தவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கேட்டேன். "எனக்கெண்டாலும் சொல்லுங்கோ அக்கா. கால் எப்பிடி?"

"நல்லாயிருக்கெண்டு சொல்லுறன்." என்னைக் குனிந்து பார்த்தார். "அதுவும் பிடிக்கேல்லையோ உமக்கு?"

அதற்குப் பிறகு அவரோடு இருந்த நாட்கள் கொஞ்சம். என் மனிசனுக்கு வன்னிப் பக்கம் மாற்றலாகி நாங்கள் தீவை விட்டு வந்துவிட்டோம். தொலைபேசியில் கேட்டால் இரண்டு சொல்தான், கோயில், மழை, ஆடு, கால், எல்லாம் நல்லாயிருக்கு. ஆகவே நான் கடைசியாக அறிந்த அவர், பாரம் வைக்கலாம் என்று டொக்டர் விட்ட பிறகு நான் ஊருக்குக் கூட்டி வந்த அன்று, படகிலிருந்து இறங்கியவர்தான்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. படகு துறையில் அணைந்தும் அணையாமலும் மோதிக்கொண்டிருந்தது. படகின் விளிம்புக்கும் துறைக் கட்டுக்கும் நடுவில் தண்ணீர் திறந்து மூடியது. பழைய பகிடிக்காரப் படகோட்டி அண்ணை முதலில் குதித்து இறங்கி இரண்டு கையையும் நீட்டினார். அன்று அவர் பகிடி விடவில்லை.

"என்ரை கையைப் பிடியுங்கோ அக்கா."

"கையை எடும்."

"அக்கா, கட்டு வழுக்கும்."

"எடும் எண்டன்."

கட்டில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மீன் கூடையோடு வந்த பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். அக்கா நல்ல காலை முன்னுக்கு வைத்திருக்கலாம். அப்படித்தான் டொக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் வெட்டின காலை எடுத்தார். தண்ணீர் மூடும் நேரம் பார்த்துக் கட்டின் மேல் வைத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் ஏற்றினார்.

நான் உதட்டைப் பார்த்தேன். இழுபடவில்லை. கண்ணைப் பார்த்தேன். நோவும் இல்லை, நோவில்லை என்பதும் இல்லை. கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி அடங்கியது. அது வெயிலுக்காகவும் இருக்கலாம்.

மற்றக் காலும் கட்டுக்கு வந்தது. அவர் சேலையை உதறிவிட்டு, வாய் பிளந்து நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்? பின்னாலை சனம் நிக்குது. இறங்க விடுங்கோ."